மலை ஓட்டங்களில் மருத்துவச் செய்திக்கென்று ஒரு தனி அலைவரிசை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் நடந்த ஓட்டப் பந்தயம் பற்றிய செய்தியைச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் படித்தேன். பனிமூட்டத்துக்குள் ஓடி வரும் பிள்ளைகளின் படம், பரிசு வாங்கியவர்களின் பெயர்கள், எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்ற விவரம் எல்லாம் இருந்தது. கடைசி வரியில் ‘ஆம்புலன்ஸ் வசதி செய்யப்பட்டிருந்தது’ என்று போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றியும், செல்போன் எடுக்காத மலையில் அந்த ஆம்புலன்ஸைக் கூப்பிட வழி செய்யும் ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக நடத்தும் வயர்லெஸ்) பற்றியும்தான் இந்தக் கடிதம். எழுத எழுத நீண்டுவிட்டது. பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

நான் பூம்பாறையில் இருக்கிறேன். பிறந்தது தாண்டிக்குடி, வாழ்க்கைப்பட்டு வந்தது இந்த ஊருக்கு. அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற மறு வருடமே, மேல்மலையில் நடக்கவிருந்த 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முதலுதவி மேசையில் உட்கார முடியுமா என்று கேட்டு வந்தார்கள். வீட்டில் சும்மா இருக்க எனக்கும் பிடிக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

அது ஐப்பசி மாதம். விடிந்ததிலிருந்து சாரல். எனக்குக் கொடுத்த இடம் இரண்டாவது உதவி மையம், ஒரு சவுக்கு மரத்தடி. ஒரு மேசை, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, ஓஆர்எஸ் பாக்கெட்டுகள், இரண்டு கம்பளி, கட்டுப்போடும் சாமான்கள். கூடவே ஆன்லைனில் வாங்கிய ஒரு வாக்கி டாக்கி. எல்லோருக்கும் ஒரே சானல். காலையிலிருந்து அதில் கேட்டதெல்லாம் வாழைப்பழம் எந்த வண்டியில் வருகிறது, தண்ணீர் கேன் எங்கே நிற்கிறது, பேனர் சாய்ந்துவிட்டது, போட்டோ எடுக்கும் தம்பியைக் காணோம் என்பதுதான். ஏழரை மணிக்கு மேல் அதுவும் நின்று வெறும் இரைச்சல் மட்டும் வந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு பெரிய மேடு இருந்தது. அதுதான் காரணம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

9 மணி 10 நிமிடத்துக்கு ஓடி வந்த ஒரு பெண் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, ‘அம்மா, அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் உட்கார்ந்திருக்கான். பேசினா வாய் குழறுது’ என்றாள். வாக்கி டாக்கியை அழுத்தினேன், பதில் இல்லை. செல்போனில் ஒரு கோடு கூட இல்லை. எங்கள் மையத்தில் இருந்த கல்லூரி மாணவரைப் பைக்கில் ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்கு அனுப்பிவிட்டு, இரண்டு கம்பளியையும் சர்க்கரைப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு நான் மேடு ஏறினேன்.

பையனுக்கு 24, 25 வயது இருக்கும். சமவெளிக்காரப் பிள்ளை. நனைந்த பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. பெயர் கேட்டேன், அவன் அம்மாவின் பெயரைச் சொன்னான். தம்ளரைக் கையில் கொடுத்தால் விரல்கள் மடங்கவில்லை, நான்தான் பிடித்துக்கொண்டேன். ஈரத் துணியைக் கழற்றி, கம்பளியைச் சுற்றி, காற்று வரும் பக்கம் நான் உட்கார்ந்துகொண்டேன். குளிரில் நடுங்குகிறவனைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன். நடுங்கிக்கொண்டிருந்தவன் நடுக்கம் நின்று தூங்கத் தொடங்கினால்தான் பயம். அவன் தூங்கப் பார்த்தான். எழுப்பி எழுப்பிப் பேசிக்கொண்டே இருந்தேன்.

ஆம்புலன்ஸ் நின்றது 4 கிலோமீட்டருக்குள். வந்து சேர 52 நிமிடம் ஆனது. பைக்கில் போன பிள்ளை நேராகத்தான் போயிருக்கிறான். டிரைவரிடம் ‘உடைஞ்ச பாலத்துக்கு மேல’ என்று சொல்லியிருக்கிறான். ஊர்க்காரர்களுக்கு அது போதும். டிரைவர் வத்தலக்குண்டுக்காரர். அவர் கையில் இருந்த வரைபடத்தில் அந்த இடத்துக்கு ‘சி பாயின்ட்’ என்று பெயர். அந்த வழியில் உடைந்த பாலம் இரண்டு உண்டு. அவர் இன்னொரு பாலத்துக்குப் போய்க் காத்திருந்தார். வண்டிக்குள் டாக்டர் இருந்தார், ஆக்சிஜன் இருந்தது, சூடான சலைன் இருந்தது. அத்தனையும் தவறான பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது.

பிள்ளை பிழைத்துவிட்டான். பொங்கலுக்குப் பொங்கல் அவன் அம்மா எனக்குப் போன் செய்வார். ஆனால் அந்த 52 நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. நின்றுபோன இதயமாக இருந்திருந்தால்? உடனே மார்பை அழுத்தி, மின்அதிர்ச்சி கொடுக்கவில்லை என்றால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். 52ஐ நீங்களே பெருக்கிப் பாருங்கள். அன்றைக்கு ஆம்புலன்ஸ் இருந்தது, டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது. எந்த இடம், என்ன நிலைமை என்ற செய்தி மட்டும் போகவில்லை.

அடுத்த ஓட்டத்துக்குக் கூப்பிட்டபோது, பேச ஒழுங்கான வழி இல்லாமல் நான் வரமாட்டேன் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர்களும் அந்த நாளை மறக்கவில்லை போலிருக்கிறது. யாரையோ விசாரித்து மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஏழு பேரை வரவழைத்தார்கள். ஒருவர் வங்கியில் இருப்பவர், ஒருவர் பாலிடெக்னிக் ஆசிரியர், ஒரு தம்பி மோட்டார் மெக்கானிக், இரண்டு கல்லூரிப் பெண்கள். எல்லோரும் ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருப்பவர்கள். ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கவும் கூடாதாம். ஹாம் என்கிற இந்த அமெச்சூர் வானொலியின் இலக்கணமே பண லாபம் கருதாமல் செய்வது என்று சர்வதேச விதியிலேயே இருக்கிறது. சாப்பாடு கூட அவர்களே கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் பூண்டுக் குழம்பை வற்புறுத்தித்தான் சாப்பிட வைத்தேன்.

ஓட்டத்துக்கு முந்தைய நாள் அவர்கள் செய்த வேலையைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. பாதை முழுவதும் நடந்தார்கள். நூறு இருநூறு அடிக்கு ஒருமுறை நின்று, செட்டை அழுத்தி, ‘இங்கே கேட்கிறதா?’ என்று கேட்டு, நோட்டில் எழுதினார்கள். அவர்கள் பயன்படுத்தியது, அலையின் நீளத்தை வைத்து ‘2 மீட்டர்’ என்று சொல்லும் அலைவரிசை. நம் நாட்டில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஹாம்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த அலை வெளிச்சம் மாதிரி நேராகப் போகும், நடுவில் மலை வந்தால் நிழல் விழும் என்று அந்த ஆசிரியர் விளக்கினார். 5 வாட் கைச்செட்டு ஒன்று, முகட்டில் நின்று பேசினால் பல கிலோமீட்டர் போகும். பள்ளத்தில் நின்றால் அடுத்த வளைவுக்கே கேட்காது. முந்தைய வருடம் என் வாக்கி டாக்கி ஏன் இரைந்தது என்று அப்போதுதான் புரிந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. கொடைக்கானல் வானொலியின் 100.5 பண்பலை மதுரையிலும் தேனியிலும் திருச்சியிலும் கேட்கிறதென்றால், கோபுரம் மலை உச்சியில் நிற்பதால்தானே?

அதனால் ஒருவரை முகட்டில் நிறுத்தினார்கள். அவர் வேலை இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்வது, அந்தப் பக்கம் கேட்டதை இந்தப் பக்கம் சொல்வது, அவ்வளவுதான். மெக்கானிக் தம்பி பையிலிருந்து சுருட்டி வைத்த ஒரு பட்டை ஒயரை எடுத்தார். முன்பு டிவி ஆன்டெனாவுக்குப் போடுவோமே, அதே தட்டை ஒயர்தான். இங்கே அதுவே ஆன்டெனா. அளந்து வெட்டி, கீழே ஓரிடத்தில் பற்றவைத்திருந்தார். கயிற்றில் கல்லைக் கட்டிப் பைன் மரக் கிளைக்கு மேல் வீசி, ஒயரை மேலே இழுத்துக் கட்டினார். இலங்கை ரூபவாகினி டிவி பார்க்க மூங்கில் கம்பத்தில் ஆன்டெனா கட்டி, கூரைமேல் நின்று ‘இப்போ தெரியுதா, இப்போ தெரியுதா’ என்று என் அண்ணன் கத்தியது நினைவுக்கு வந்தது. அந்த ஒயர் ஏறியதும், முந்தைய வருடம் இரைச்சல் மட்டும் கேட்ட என் சவுக்கு மரத்தடியில், ஓட்டம் தொடங்கும் இடத்தில் இருந்த பெண்ணின் குரல் பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்டது.

அப்புறம் அவர்கள் கேட்ட முதல் நிபந்தனை: மருத்துவத்துக்கு ஒரு அலைவரிசை, அதில் வேறு எதுவும் பேசக்கூடாது. வாழைப்பழமும் தண்ணீரும் பேனரும் அமைப்பாளர்களின் சொந்த ஏற்பாட்டில் போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டருக்குப் பக்கத்திலேயே ஒரு ஹாம். அவர்தான் கட்டுப்பாட்டு நிலையம். எல்லோரும் அவரைக் கேட்டுத்தான் பேச வேண்டும். ஒவ்வொரு உதவி மையத்திலும் ஒருவர், ஆம்புலன்ஸில் ஒருவர், கடைசியாக ஓடுகிறவருக்குப் பின்னால் வரும் வண்டியில் ஒருவர். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று மணி நிமிடத்தோடு எழுதும் ஒரு நோட்டு. அன்றைக்கு ஓடியவர்கள் 300 பேருக்குள்தான் என்பதால் ஏழு பேர் போதுமாக இருந்தார்கள்.

இடத்தின் பெயரையும் அவர்களே தீர்த்து வைத்தார்கள். உடைந்த பாலமும் வேண்டாம், சி பாயின்டும் வேண்டாம் என்று, நானூறு மீட்டருக்கு ஒன்றாக மஞ்சள் அட்டையில் எண் எழுதி மரத்தில் கட்டினார்கள். அதே எண்ணை டிரைவரின் வரைபடத்திலும் எழுதினார்கள். எண்ணைச் சொல்வதில் ஒரு சங்கதி இருக்கிறது. நம் பேச்சில் ஐம்பது ‘அம்பது’ ஆகிவிடும், ஒன்பது ‘ஒம்பது’ ஆகிவிடும். செட்டில் முதல் எழுத்து விழுங்கிப் போனால் இரண்டும் ஒன்றுதான். ஒத்திகையில் நானே ஒன்பதாம் எண்ணை ஐம்பது என்று எழுதிவிட்டேன். அதனால் ஒவ்வொரு இலக்கமாகத்தான் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். ‘அஞ்சு, சைபர்.’ ‘சைபர், ஒன்பது.’ கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்திய உடனே பேசாமல் ஒரு நொடி விட்டுப் பேச வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் போய்விடும். இதெல்லாம் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் வார்டில் டாக்டர் போனில் சொல்லும் மருந்தளவைத் திருப்பிச் சொல்லாமல் ஊசி போட மாட்டோமே, அதே ஒழுக்கம்தான் இது. எனக்கு அந்த மனிதர்களைப் பிடித்துப்போனது அதனால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாம் அலைவரிசையில் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ரகசியக் குறியீட்டில் பேச அனுமதியும் இல்லை. அதனால் நோயாளியின் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். மார்பில் குத்தியிருக்கும் எண், இடத்தின் எண், நினைவு இருக்கிறதா, மூச்சு சரியாக இருக்கிறதா, என்ன வேண்டும், இவ்வளவுதான். பெயர் டாக்டர் கையில் இருக்கும் பட்டியலில் இருக்கிறது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது எப்படி என்று எங்களுக்கு 31 வருடமாகச் சொல்லிக்கொடுத்ததை, வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் யாரும் சொல்லாமலே கடைப்பிடித்தார்.

அன்று காலை 8.41க்கு என் மேசைக்கு ஒருவர் நடந்து வந்தார். ஓடவில்லை, நடந்து வந்தார். 52 வயது. வாயுத் தொல்லை மாதிரி இருக்கிறது, கொஞ்சம் சோடா கிடைக்குமா என்று கேட்டார். அந்தக் குளிரில் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. இடது தோளைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் என் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்ணைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவள் செட்டை எடுத்துவிட்டாள். ‘மருத்துவ அவசரம், இரண்டாம் மையம்.’ முகட்டிலிருந்து ஒரு குரல் அதை அப்படியே மறுபக்கம் சொன்னது. அலைவரிசை அமைதியானது. வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல அவள் சொன்னாள்: எண், இடம், வயது, ஆண், மார்பில் இறுக்கம், வியர்வை, நாடி 112, ரத்த அழுத்தம் இவ்வளவு. டாக்டரின் கேள்வி அந்தப் பக்கத்து ஹாமின் குரலில் வந்தது: ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதா, வயிற்றுப்புண் உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா? இல்லை, இல்லை, இல்லை. ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்து மென்று தின்னச் சொல்லுங்கள், நடக்க விடாதீர்கள், வண்டி கிளம்பிவிட்டது. 8.52க்கு வண்டி என் மேசைக்கு முன்னால் நின்றது. 11 நிமிடம். அதே மேடு, அதே பாதை, அதே சாரல்.

அவரை முதலில் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மலையிறக்கி மதுரைக்கு அனுப்பினார்கள். பிழைத்தார். மலையில் இருக்கும் நமக்கு ஒரு கஷ்டம் உண்டு. பெரிய சிகிச்சை எல்லாமே கீழேதான். கொண்டை ஊசி வளைவுகளில் போகும் நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது, வண்டி கிளம்புவதற்கு முன்னால் வீணாகிற நேரம் மட்டும்தான்.

டாக்டருக்கு விவரம் ஏன் அவ்வளவு துல்லியமாக வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தில் ஒருவர் தடுமாறிக் குழறினால், அது குளிராக இருக்கலாம். சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். தாகத்துக்கு மேல் தண்ணீரைக் குடித்துக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கியதாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதில் இன்னும் தண்ணீர் கொடுத்தால் கேடு. பார்க்க மூன்றும் ஒன்று போலவே இருக்கும். ‘ஒருத்தர் மயங்கிட்டார், சீக்கிரம் வாங்க’ என்று மட்டும் செய்தி போனால், டாக்டர் எதை எடுத்துக்கொண்டு வருவார்? என்ன சொல்வது என்று தெரிந்த ஒரு செவிலியரும், அதைச் சிதையாமல் கொண்டுபோகத் தெரிந்த ஒரு ஹாமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

உலகத்தில் பெரிய ஓட்டங்கள் இதை வெகுகாலமாகச் செய்கின்றன. அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தானில் 42 கிலோமீட்டர் பாதை நெடுக மருத்துவக் கூடாரங்களிலும் பேருந்துகளிலும் நூற்றுக்கும் அதிகமான ஹாம் தொண்டர்கள் இருப்பார்கள். 2013 ஏப்ரல் 15ஆம் தேதி முடிவுக்கோட்டருகே குண்டுகள் வெடித்தபோது, எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுத்ததால் செல்போன் வலை திணறியது. ஆயிரக்கணக்கானவர்கள் பாதி வழியில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஹாம்களின் செட்டுகள் வேலை செய்தன. ஓட்டத்துக்காக உட்கார்ந்திருந்தவர்களே பேரிடருக்கும் ஆட்களானார்கள். நம் நாட்டிலும் இது புதிதில்லை. 2001 ஜனவரியில் குஜராத் பூகம்பம், 2004 டிசம்பர் சுனாமி, 2015 சென்னை வெள்ளம் எல்லாவற்றிலும் ஹாம்கள் இருந்தார்கள். சுனாமி அன்று போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, அந்தமானுக்கும் நம் கரைக்கும் இடையே செய்தி கொண்டுபோனதை அந்த நாட்களில் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் மலையேறி வந்தபோது மேல்மலை, கீழ்மலை இரண்டிலும் மரங்கள் விழுந்து சாலை அடைத்தது. மண் சரிந்தது. மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. எங்கள் தெருவில் பிரசவ வலி எடுத்த பெண்ணுக்காக, கொடைக்கானலுக்குச் சொல்லி அனுப்ப ஓர் ஆளை நடக்க வைத்தோம். அந்த ராத்திரி ஊரில் ஒரே ஒரு ஹாம் செட் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத மழைக்காலம் இல்லை. ஓட்டப் பந்தயத்துக்கு நாம் ஆட்களைத் தயார் செய்தால், புயலுக்கும் அவர்கள்தான் இருப்பார்கள்.

அந்தக் கல்லூரிப் பெண் செட்டை என் கையில் கொடுக்க மாட்டாள். ‘ஆன்ட்டி, லைசென்ஸ் இல்லாம நீங்க பேசக்கூடாது’ என்பாள். அவள் சொன்னது சரிதான். அதனால்தான் நானே படித்தேன். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இருக்கும் பிரிவு ஒன்று நடத்தும் தேர்வு அது. ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பகுதி, விதிகள் பற்றி ஒரு பகுதி. தொடக்க நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தந்திக் குறி தேவையில்லை. பொது நிலைக்கு வேண்டும். 12 வயது நிறைந்தவர் யாரும் எழுதலாம். எனக்கு ஓம் விதியும் மின்தடையும் பள்ளிக்கூடத்தோடு போனவை. பேத்தியின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். தேர்வு எழுதச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. அது முடிந்து உரிமம் கைக்கு வரவும் பல மாதம் காத்திருந்தேன். மலையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம் செய்து போய் எழுதுவது எல்லோராலும் ஆகிற காரியம் இல்லை. திண்டுக்கல்லிலோ மதுரையிலோ தேர்வு வைத்தால் எங்கள் பிள்ளைகள் பத்துப் பேராவது எழுதுவார்கள். உரியவர்கள் கண்ணில் இந்த வரி பட வேண்டும்.

இதற்கு ஏன் ஹாம், செல்போன் கம்பெனி ஒரு கோபுரம் வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கோபுரம் வரட்டும், சந்தோஷம். ஆனால் ஒரே காலையில் ஆயிரம் பேர் ஒரு சின்ன ஊருக்குள் வந்து படம் அனுப்பினால் இருக்கிற கோபுரமும் திணறும். சாட்டிலைட் போனை நம் நாட்டில் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. ஆன்லைனில் கிடைக்கிற பல வாக்கி டாக்கிகளையும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்பது அவற்றை வாங்குகிறவர்களுக்கே தெரிவதில்லை. வனத்துறைக்கும் காவல்துறைக்கும் சொந்த வயர்லெஸ் உண்டு, அது அவர்கள் வேலைக்கு. செல்போனில் நான் ஒருவரிடம் பேசினால் அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். அன்று அந்தப் பெண் ‘மருத்துவ அவசரம்’ என்றபோது டாக்டர் பக்கம், ஆம்புலன்ஸ், முகடு, கடைசி வண்டி என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். டாக்டர் முடிவு சொல்வதற்குள் டிரைவர் வண்டியைத் திருப்பி வைத்துவிட்டார்.

இப்போது கோடை விழாவை ஒட்டியும், அது முடிந்தும், மலையில் ஓட்டம், சைக்கிள் போட்டி என்று வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறது. வெளியூர்ப் பிள்ளைகள் வரட்டும், எங்கள் ஊரில் நாலு பேருக்கு வருமானமும் கிடைக்கட்டும். ஆனால் 2,000 மீட்டர் உயரத்தில் ஓடிப் பழக்கமில்லாத உடம்புகள் அவை. காட்டுமாடு குறுக்கே வரும் பாதைகள் அவை. அனுமதி கொடுக்கும் அதிகாரிகளைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: விண்ணப்பத்தில் ‘ஆம்புலன்ஸ் உண்டா’ என்று கேட்கும் இடத்துக்குக் கீழே இன்னும் ஒரு கேள்வி சேருங்கள். பாதையின் எந்த இடத்திலிருந்தும் டாக்டருக்குச் செய்தி எப்படிப் போகும்? இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். முந்தைய நாளே பாதையில் நடந்து சோதித்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். செல்போன் எடுக்காத இடம் பாதையில் இருந்தால், உரிமம் பெற்ற ஹாம் தொண்டர்களை விதிகளுக்கு உட்பட்டு முறையாக அழைத்து மருத்துவத்துக்கென்று தனி அலைவரிசை வைக்காமல் அனுமதி தராதீர்கள்.

அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹாம்கள் பணம் கேட்க மாட்டார்கள். அதற்காக அவர்களைக் கடைசி நாளில் கூப்பிடாதீர்கள். ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். பாதையைக் காட்டுங்கள், தங்க இடம் கொடுங்கள். அவர்களில் ஒருவர் டாக்டருக்குப் பக்கத்திலேயே உட்கார நாற்காலி போடுங்கள். ஒரு ஓட்டத்தில் அவர்களை விருந்தினர் பந்தலுக்குப் பின்னால், ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததைப் பார்த்தேன். ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே நாள் முழுக்க வேலை பார்த்தார்கள். மனம் வலித்தது.

உங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓட்டச் செய்தி எழுதும்போது, ஆம்புலன்ஸ் இருந்ததா என்பதோடு நிறுத்தாமல், அதைக் கூப்பிட வழி இருந்ததா என்றும் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.

சென்ற மாதம் நானும், எங்கள் ஊரில் புதிதாக உரிமம் வாங்கிய இரண்டு பிள்ளைகளும், பூம்பாறையிலிருந்து மன்னவனூர் வரை சாலையோரமாக நடந்து, எங்கே செட் கேட்கிறது, எங்கே கேட்கவில்லை, எந்த மேட்டில் ஆள் நின்றால் இரண்டு பக்கமும் கேட்கும் என்று குறித்து வைத்திருக்கிறோம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்பதால், மாற்று பேட்டரியை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு நடந்தோம். கிளாவரை, குக்கல் பக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது. மழைக்கு முன் முடித்துவிடுவோம். மலையில் ஓட்டமோ சைக்கிள் போட்டியோ நடத்துகிற யார் கேட்டாலும் அந்த நோட்டைப் பிரதி எடுத்துத் தருகிறோம். கூப்பிட்டால் இரண்டாவது மையத்துச் சவுக்கு மரத்தடிக்கும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.